மோட்டார் லாரியின் தடுமாற்றமும் அதன் காரணம் காணும் முறையும்

யந்திரங்களுக்கு வாயில்லை, ஆயினும் தமக்கு நேர்ந்த குறையை அவை ஓசையாலும் அதிர்ச்சியாலும் புகையாலும் தெரிவிக்கும் என்பது அவற்றோடு பழகினார் அனைவரும் அறிந்ததே. முன்னாள் மெக்கானிக்குகள் செவியைக் கூர்மையாக்கிக் கேட்டும், கையை வைத்து அதிர்ச்சியை உணர்ந்தும், புகையின் நிறத்தையும் மணத்தையும் நோக்கியும் கோளாறு இன்னதென்று துணிந்தனர். இக்காலத்து மோட்டார் வண்டியோ தன் குறையைத் தானே எண்களாகக் குறித்து வைத்துக்கொள்கின்றது. ஸ்கேனர் என்னும் சிறு கருவியைச் செருகியவுடன் அவ்வெண்கள் வரிசையாக வெளிப்படுகின்றன. அவற்றைக் கண்ட பலர், நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்து வாங்குவதே பாக்கி என்று எண்ணி, எண்கள் சுட்டும் பாகங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி மாற்றுகின்றனர். பணம் கரைகின்றது, வண்டியின் தடுமாற்றமோ தீர்வதில்லை. ஒரே வேளையில் பல குறிகள் தோன்றியவிடத்து அவற்றின் உண்மைக் காரணத்தை எங்ஙனம் ஆராய்ந்து காண்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிகள் தோன்றிய வரலாறு

இக்குறிகள் எதன்பொருட்டு ஏற்பட்டன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அதனை அறியாமையே பல பிழைகளுக்கு வித்தாகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின்மீது 1940-ஐ அடுத்த ஆண்டுகளில் கண்ணை எரிக்கும் ஒருவகைப் புகைமூட்டம் அடிக்கடி கவியலாயிற்று. காலிபோர்னியாவில் இரசாயன ஆராய்ச்சி செய்துவந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் பேராசிரியர், மோட்டார் வண்டிகள் முதலியவற்றினின்று எரியாமல் வெளிப்படும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் மாறுதலடைவதே இம்மூட்டத்துக்குக் காரணம் என்று 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் விளக்கிக் காட்டினார். பின்னர் 1970-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏற்பட்ட தூயகாற்றுச் சட்டம் வண்டிகளின் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தது. 1975-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடங்கி, நச்சுப்புகையை மாற்றித் தூய்மையாக்கும் காடலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் பாகம் புகைக்குழாயில் பரவலாகப் பொருத்தப்படலாயிற்று.

வரம்பு விதித்தால் மட்டும் போதுமா? தொழிற்சாலையினின்று புதிதாய் வெளிவரும் வண்டி விதிக்கு அடங்கியிருக்கும். சில ஆண்டுகள் கழிந்தபின் அதன் நிலை யாது? இதனை வண்டியே கண்காணித்துத் தெரிவிக்கவேண்டும் என்னும் விதி காலிபோர்னியாவில் 1988-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதல் நடைமுறைக்கு வந்தது. அதனினும் விரிவான இரண்டாம் முறை, ஓ.பி.டி. இரண்டு என வழங்குவது, 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் அந்நாட்டில் விற்கப்படும் கார்களுக்கும் சிறு லாரிகளுக்கும் கட்டாயமாயிற்று. வண்டியின் புகை, விதித்த வரம்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்படத்தக்க கோளாறு எதுவாயினும் ஓட்டுநர்முன் உள்ள எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து.

ஆகவே இவ்வமைப்பு காற்றைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டதாகும். எந்தப் பாகத்தைக் கழற்றி எந்தப் பாகத்தைப் பூட்டவேண்டும் என்று மெக்கானிக்குக்கு உரைப்பது அதன் முதல் நோக்கமன்று. வரம்பு மீறிய அளவு ஒன்று தென்பட்டவுடன் அதனைக் குறித்துவைக்கும். அம்மீறலை விளைத்தது எது என்பதை ஆராய்ந்து துணியும் பொறுப்பு மனிதனுடையதே. வழக்குமன்றத்தில் சாட்சி கூறுவது தான் கண்டதை. தீர்ப்புக் கூறுவது நீதிபதியின் வேலை. சாட்சியின் சொல்லையே தீர்ப்பாகக் கொண்டால் குற்றமற்றோர் தண்டனையடைவர். இங்கும் அவ்வாறே குற்றமற்ற பாகங்கள் கழற்றி எறியப்படுகின்றன.

குறியின் அமைப்பு

ஒவ்வொரு குறியும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் உடையது. பி என்னும் எழுத்து யந்திரத்தையும் அதன் சக்தியைச் சக்கரத்துக்குச் செலுத்தும் பாகங்களையும் குறிக்கும். அதனையடுத்த இலக்கம் 0 ஆயின் அஃது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான குறி. 1 ஆயின் வண்டி செய்தோர் தமக்கென வகுத்துக்கொண்ட குறி. பி0300 என்பது பல ஸிலிண்டர்களில் ஒழுங்கின்றித் தீப்பற்றாமை நேர்கின்றது என்பதன் அடையாளம். இதனையே நம் மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பர். பி0301 முதல் தொடரும் எண்கள் முதலாம் ஸிலிண்டர், இரண்டாம் ஸிலிண்டர் என இன்னதில் மிஸ்ஸிங் என்று தனித்தனியே சுட்டும். பி0171 என்பது முதல் வரிசை ஸிலிண்டர்களின் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்றும், பி0174 என்பது இரண்டாம் வரிசையில் அதே நிலை என்றும் உணர்த்தும்.

இனி நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். பிக்அப் எனப்படும் அமெரிக்கச் சிறு லாரி ஒன்றைக் கொள்வோம். அதன் பெட்ரோல் யந்திரம் ஏறக்குறைய 5 லிட்டர் கொள்ளளவுடையது. வரிசைக்கு நான்காக இரு வரிசைகளில் எட்டு ஸிலிண்டர்கள் உடையது. சாலையில் ஓடுங்கால் குறையொன்றும் பெரிதாய்த் தெரிவதில்லை. நாற்சந்தியில் நிறுத்தியவுடன் யந்திரம் குலுங்குகின்றது. ஓட்டுநரின் இருக்கை அதிர்கின்றது. சில வேளைகளில் நின்றுபோகும் நிலையை அடைகின்றது. எச்சரிக்கை விளக்கும் எரிகின்றது. ஸ்கேனரைச் செருகினால் பி0171, பி0174, பி0300, பி0305 என்னும் நான்கு குறிகள் காணப்படுகின்றன. இத்தகைய வண்டிகள் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கு நாள்தோறும் வருவன.

இக்குறிகளைச் சொல்லுக்குச் சொல் நம்புபவர் யாது செய்வர்? இரு வரிசையிலும் ஆக்ஸிஜன் சென்சார்களை மாற்றுவர். எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் எட்டு இக்னிஷன் காயில்களையும் மாற்றுவர். பின்னும் தீராவிடின் பெட்ரோல் பம்பை மாற்றுவர். அவ்வண்டியைக்கொண்டே பிழைக்கும் ஒரு தச்சரோ குழாய்த் தொழிலாளியோ தம் ஒரு மாத வருவாயை இதிற் செலவிட நேரும். செலவிட்டும் வண்டி குலுங்குமாயின் அவர் மனம் என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டுவதில்லை.

யந்திரம் நின்றவிடத்துக் குலுங்குவது ஏன்?

வண்டி நிற்க யந்திரம் மட்டும் மெதுவாய் ஓடும் ஓட்டத்துக்கு ஐடிலிங் என்று பெயர். அப்போது யந்திரம் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு அடி யந்திரத்தில் ஒவ்வொரு ஸிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தீப்பற்றும். ஆதலால் எட்டு ஸிலிண்டர்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 2,400 முறை, அஃதாவது வினாடிக்கு 40 முறை தீப்பற்றவேண்டும். ஐடிலிங்கில் உண்டாகும் சக்தி யந்திரத்தின் உராய்வை வெல்லும் அளவுக்கே போதியது, மிச்சம் இல்லை. ஆகவே அந்த நாற்பதில் இரண்டு மூன்று தவறினும் உடனே குலுக்கம் தோன்றும். வேகமாய் ஓடுங்காலோ, சுழலும் ஃபிளைவீலின் கனமே அத்தவறுகளை மறைத்துவிடும்.

யந்திரத்தை ஆளும் சிறு கம்ப்யூட்டர், சுழல்தண்டு ஒவ்வொரு தீப்பற்றலுக்கும் எவ்வளவு விரைவு பெறுகின்றது என்பதை அளந்துகொண்டேயிருக்கும். எந்த ஸிலிண்டரின் முறையில் விரைவு குறைகின்றதோ அதில் மிஸ்ஸிங் என்று எண்ணிக்கொள்ளும். இது கைநாடி பார்ப்பதை ஒக்கும். நாடி தவறியது என்று அறியலாம். நாடி மட்டும் கொண்டு காரணம் முழுவதையும் அறியவொண்ணாது. பொறி இன்மையாலும், பெட்ரோல் வாராமையாலும், காற்று மிகுந்தமையாலும், வால்வு சரியாய் மூடாமையாலும் ஒரே குறி தோன்றும்.

காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவும் இங்கே அறியத்தக்கது. எடையளவில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு இருப்பின் இரண்டும் மிச்சமின்றி எரியும். உட்செல்லும் காற்றை ஏர் ஃபுளோ சென்சார் என்னும் கருவி வாயிலிலேயே வினாடிக்கு இத்தனை கிராம் என்று அளக்கின்றது. கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர்கள் வழியாகத் தெளிக்கின்றது. எரிந்தபின் வெளிப்படும் புகையில் பிராணவாயு எஞ்சியிருக்கின்றதா என்பதை ஆக்ஸிஜன் சென்சார் நோக்குகின்றது. பழைய வகைச் சென்சாரில் பிராணவாயு எஞ்சியிருப்பின் 0.1 வோல்ட்டும், எஞ்சாதிருப்பின் 0.9 வோல்ட்டும் அளவில் மின்னழுத்தம் தோன்றும். எஞ்சியிருப்பின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், எஞ்சாதிருப்பின் குறைக்கும். இவ்வாறு கூட்டிக் குறைக்கும் அளவுக்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். நாம் அதனைத் திருத்தம் என்போம். அது நூற்றுக்கு இத்தனை என்று ஸ்கேனரில் காணும். நல்ல யந்திரத்தில் அது நூற்றுக்கு 5-க்குள் மேலும் கீழுமாய் இருக்கும். 10 வரை பொறுக்கலாம். 20, 25 என்று ஏறியபின்பே பி0171 முதலிய குறிகள் பதிவாகும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. எஞ்சிய பிராணவாயுவை மட்டுமே அறியும். ஒரு ஸிலிண்டர் தீப்பற்றாது போயின், அதிற் புகுந்த காற்று முழுவதும் எரியாமலே வெளிவரும். அதிலுள்ள பிராணவாயுவைக் கண்ட சென்சார், கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும். உண்மையிலோ அந்த ஸிலிண்டரின் பெட்ரோலும் எரியாமல் உடன் வெளிவருகின்றது. புகைக்குழாயில் சென்சாருக்கு முன் ஒரு வெடிப்பிருந்து அதன்வழியே வெளிக்காற்று உட்புகினும் இதே பொய்த்தோற்றம் உண்டாகும். ஆகையால் மிஸ்ஸிங்கினால் பெட்ரோற் குறைவுக் குறி தோன்றவும் கூடும். பெட்ரோற் குறைவினால் மிஸ்ஸிங் குறி தோன்றவும் கூடும். எது முன், எது பின் என்று காண்பதே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

ஆராயும் முறை

முதலாவது, குறிகளை உடனே அழித்துவிடலாகாது. குறி பதிவான கணத்தில் யந்திரத்தின் சுற்று, உஷ்ணம், வண்டியின் வேகம், திருத்தத்தின் அளவு முதலியவற்றைக் கம்ப்யூட்டர் ஒரு படம்போல் பதிந்துவைக்கும். இதனை ஃப்ரீஸ் ஃபிரேம் என்பர். குறியை அழித்தால் இப்பதிவும் உடன் அழியும். நம் வண்டியில் அப்பதிவு, வேகம் 0, சுற்று 640, நீரின் உஷ்ணம் 88 டிகிரி என்று காட்டுவதாகக் கொள்வோம். சூடேறிய யந்திரம் நின்றவிடத்து ஓடுங்கால் குறை நேர்ந்தது என்பது இதனால் விளங்கும். குளிர்ந்த யந்திரத்தைக் காலையிற் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும் தவறு இதனால் நீங்கும்.

இரண்டாவது, பாட்டரியையும் பூமி இணைப்புக் கம்பிகளையும் பார்க்கவேண்டும். யந்திரம் ஓடுங்கால் ஏறக்குறைய 13.5 வோல்ட்டு முதல் 14.7 வோல்ட்டு வரை இருத்தல் முறை. மின்னழுத்தம் குன்றியவிடத்துச் சென்சார்கள் பலவும் ஒருங்கே பொய் கூறத் தொடங்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற பல குறிகள் ஒரே நாளில் தோன்றினால், தனித்தனிப் பாகங்களை ஐயுறுமுன் அவை யாவற்றுக்கும் பொதுவான மின்வழியை ஐயுறுவதே அறிவுடைமை.

மூன்றாவது, குறிகளை வகைப்படுத்தி அவற்றுக்குப் பொதுவானது யாது என்று நோக்கவேண்டும். நம் வண்டியில் பெட்ரோற் குறைவுக் குறி இரு வரிசைக்கும் உண்டு. ஐந்தாம் ஸிலிண்டர் ஒன்றன் மிஸ்ஸிங்கே முதற்காரணமாயின், அந்த ஸிலிண்டர் சேர்ந்த வரிசையில் மட்டும் அக்குறி தோன்றவேண்டும்; மற்ற வரிசை குற்றமற்றிருக்கவேண்டும். ஒரு வரிசையின் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருப்பினும் அப்படியே. இரு சென்சார்களும் ஒரே நாளில் ஒரே விதமாய்க் கெடுதல் அரிது. ஆதலால் இரு வரிசைக்கும் பொதுவான ஓரிடத்திலேயே குறை இருத்தல் வேண்டும். காற்றை அளக்கும் கருவி, காற்றுப் பெட்டியாகிய மேனிஃபோல்டு, அதனோடு சேர்ந்த ரப்பர்க் குழாய்கள், பெட்ரோல் பம்பு, ஃபில்டர் ஆகியவையே அவ்விடங்கள். ஒரு பாகத்தையும் கழற்றுமுன் ஐயத்துக்குரியவை இத்துணை சுருங்கிவிட்டன.

நான்காவது, திருத்தத்தின் அளவை இரு நிலைகளில் நோக்கவேண்டும்: ஐடிலிங்கில் ஒருமுறை, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஒருமுறை. நம் வண்டியில் ஐடிலிங்கில் இரு வரிசையிலும் கூட்டல் 25 என்றும், 2,500 சுற்றில் கூட்டல் 6 என்றும் காண்பதாகக் கொள்வோம். இதன் பொருளைச் சிறு கணக்கினால் அறியலாம். இவ்வளவு பெரிய யந்திரம் ஐடிலிங்கில் வினாடிக்கு ஏறக்குறைய 5 கிராம் காற்றை இழுக்கும். அளவு கருவியைக் கடந்தபின் எங்கோ ஒரு வெடிப்பின் வழியாக மேலும் 1.25 கிராம் காற்று அளவுபடாமல் நுழைகின்றது என்போம். அஃது ஐந்தில் கால் பங்கு. எனவே நூற்றுக்கு 25 பெட்ரோல் கூடுதலாய் வேண்டும். 2,500 சுற்றில் கருவி வழியாக 20 கிராம் காற்றுச் செல்லும். வெடிப்பின் வழியாகவோ ஏறக்குறைய அதே 1.25 கிராமே நுழையும். இருபதில் அது நூற்றுக்கு ஆறே கால்தான். ஆகவே ஐடிலிங்கில் மிகுந்தும் சுற்றுக் கூடியபோது தணிந்தும் காணப்படும் திருத்தம், காற்று ஒழுகல் உண்டென்பதைக் காட்டும். நம் மெக்கானிக்குகள் இதனை வேக்கம் லீக் என்பர்.

இதற்கு மாறாக ஐடிலிங்கில் திருத்தம் சரியாயிருந்து, பாரம் ஏற்றிச் செல்லுங்கால் 20, 25 என்று ஏறுமாயின், பெட்ரோல் பம்பு தளர்ந்தது, ஃபில்டர் அடைத்தது, அல்லது காற்றளக்கும் கருவியில் தூசி படிந்தது என்று ஐயுறலாம். இரு வரிசையிலும் திருத்தம் கழித்தலாய் இருந்து யந்திரம் குலுங்கினால், பெட்ரோல் ஒழுகும் இன்ஜெக்டரையோ, டாங்கியின் ஆவியை யந்திரத்துக்குச் செலுத்தும் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டதையோ நோக்கவேண்டும். ஒரு வரிசையில் மட்டும் குறை காணின், அவ்வரிசையின் காஸ்கெட்டையும் புகைக்குழாயையும் சென்சாரையும் பார்த்தல் வேண்டும். குறி ஒன்றேயாயினும் அளவு வேறுபடும் விதத்தினால் காரணம் வேறுபடுதலை இங்கே காண்கின்றோம்.

ஐந்தாவது, கருதியதை மெய்ப்பிக்கவேண்டும். காற்று ஒழுகுகின்றது என்று துணிந்த மாத்திரத்தில் குழாய்களையெல்லாம் மாற்றுவது முறையன்று. ஐடிலிங்கில் ஸ்கேனரைப் பார்த்தவாறே ஒவ்வொரு ரப்பர்க் குழாயையும் இடுக்கியால் மெல்ல நெரித்துப் பார்க்கலாம். எதனை நெரித்தபோது திருத்தம் விரைந்து தணிகின்றதோ அவ்வழியிலேதான் ஒழுகல். இதனினும் நல்ல முறை புகைச்சோதனை. யந்திரத்தை நிறுத்திவிட்டுக் காற்று வாயிலை அடைத்து, எண்ணெயைச் சூடேற்றி உண்டாக்கிய புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டினுள் செலுத்தினால், வெடிப்புள்ள இடத்தினின்று புகை நூல்போல் எழும். சிலர் சூடான யந்திரத்தின்மேல் எளிதில் தீப்பற்றும் திரவங்களைத் தெளித்து, சுற்று மாறுகின்றதா என்று பார்ப்பர். தீவிபத்துக்கு இடமாகும் அம்முறையை மாணவர் கைக்கொள்ளலாகாது.

நம் வண்டியில் மேனிஃபோல்டின் பின்புறத்தினின்று புகை எழுகின்றது. யந்திரத்தின் அடிப்பெட்டியில் சேரும் ஆவியை மீண்டும் எரிப்பதற்காக மேனிஃபோல்டுக்குக் கொண்டுசெல்லும் பி.சி.வி. குழாயில் வளைந்த ரப்பர்த் துண்டு ஒன்று உண்டு. எண்ணெய் ஆவியாலும் வெப்பத்தாலும் அது மெத்தென்றாகி உட்புறமாய் மடங்கி, அடியில் வெடித்திருக்கின்றது. மேலிருந்து நோக்குவார்க்கு அது நல்ல குழாயாகவே தோன்றும். விரலை வளைத்து அடிப்புறத்தைத் தடவினாலன்றிப் புலப்படாது. பழகிய வண்டிகளில் இத்தகைய வெடிப்பு மிகச் சாதாரணமானது.

இவ்வெடிப்பினால் குலுக்கம் உண்டான விதமும் அறியத்தக்கது. அளவுபடாத காற்று எல்லா ஸிலிண்டர்களுக்கும் சமமாய்ப் பரவுவதில்லை. ஒழுகலுக்கு அண்மையிலுள்ளவை மிகுதியாகவும் சேய்மையிலுள்ளவை குறைவாகவும் பெறும். கம்ப்யூட்டரோ ஒரு வரிசை முழுவதற்கும் ஒரே அளவாகப் பெட்ரோலைக் கூட்டுகின்றது. அதனால் சில ஸிலிண்டர்களில் பெட்ரோல் குறைந்தும் சிலவற்றில் மிகுந்தும் போகத் தீப்பற்றுதல் ஒழுங்கு குலைகின்றது. பி0300 தோன்றியதன் காரணம் இதுவே. நான்கு குறிகளில் மூன்றுக்கு ஒரே ரப்பர்த் துண்டு விடை கூறிவிட்டது.

எஞ்சி நின்ற ஒன்று

பல குறிகளுக்கு ஒரு காரணம் இருத்தல் பெரும்பான்மை. ஆயினும் எல்லாவற்றுக்கும் ஒன்றே காரணம் என்று முன்கூட்டியே முடிவு கட்டுதலும் பிழையாம். ரப்பர்த் துண்டை மாற்றிக் குறிகளை அழித்தபின் வண்டியை ஓட்டிச் சோதிக்கவேண்டும். நம் வண்டியில் திருத்தம் கூட்டல் 3 அளவில் நிலைத்தது. குலுக்கம் பெரும்பாலும் அடங்கியது. மூன்று குறிகள் திரும்பவில்லை. பி0305 மட்டும் இரண்டு நாளில் மீண்டும் தோன்றியது என்க.

ஐந்தாம் ஸிலிண்டரின் குறையைக் காணவும் எளிய வழி உண்டு. அதன் காயிலை இரண்டாம் ஸிலிண்டருக்கும், இரண்டாவதன் காயிலை ஐந்தாவதற்கும் மாற்றிப் பூட்டி வண்டியை ஓட்டவேண்டும். குறி பி0302 என்று மாறினால் குறை காயிலோடு சென்றது என்பது வெளிப்படை. மாறாது நின்றால் பிளக்கையும், அதன்பின் இன்ஜெக்டரையும் இங்ஙனமே இடம் மாற்றிப் பார்க்கலாம். எதனை மாற்றினும் குறி நகராவிடில் அந்த ஸிலிண்டரின் கம்ப்ரெஷனை அளந்து வால்வும் பிஸ்டன் வளையமும் நலமா என்று காணவேண்டும். இச்சோதனைகளில் முதற்கண் காசு செலவில்லாதவையும், பின்னர் வேலை மிகுந்தவையும் வருதலை நோக்குக.

நம் வண்டியில் குறி பி0302 ஆகிவிட்டது, குறை காயிலிலே. இதற்கும் முன்னைய ஒழுகலுக்கும் தொடர்பு ஒருவாறு உண்டு. பெட்ரோல் குறைந்த கலவையில் தீப்பொறி பாய மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். நல்ல காயில்கள் அதனைத் தாங்கின. தளர்ந்திருந்த ஒன்று தாங்கமாட்டாது முதலில் தவறி, ஐந்தாம் ஸிலிண்டருக்கெனத் தனிக்குறியை உண்டாக்கிற்று. ஆக, மாற்றவேண்டியவை ஒரு ரப்பர்த் துண்டும் ஒரு காயிலும் மட்டுமே. நான்கு குறிகளையும் நேரே நம்பியவர் வாங்கத் துணிந்த சென்சார்கள், பம்பு, எஞ்சிய ஏழு காயில்கள் யாவும் குற்றமற்றவையே.

தாமதத்தின் தீமை

குலுக்கம்தானே என்று அசட்டையாயிருத்தலும் தகாது. தீப்பற்றாத ஸிலிண்டரினின்று வெளிவரும் பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள காடலிட்டிக் கன்வெர்ட்டரிற் சென்று எரியும். அதனுள் தேன்கூடுபோன்ற பீங்கான் அமைப்பின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிதாய்ப் பூசப்பட்டிருக்கும். அளவு கடந்த வெப்பத்தால் அப்பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு நிலையாய் எரியாமல் விட்டுவிட்டு மின்னுமாயின், கன்வெர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் நேர்கின்றது என்பது அதன் பொருள். அப்போது வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்துவதே தக்கது. சிறு ரப்பர்த் துண்டைக் கவனியாது விட்டவர், வண்டியின் மிக விலையுயர்ந்த பாகங்களுள் ஒன்றை இழக்க நேரிடும். அன்றியும் எரியாத ஆவி காற்றிற் கலந்து, எந்தப் புகைமூட்டத்தைத் தடுக்க இவ்வமைப்பெல்லாம் ஏற்பட்டதோ அதற்கே துணைசெய்யும்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டு லாரிகள் பெரும்பாலும் டீசல் யந்திரம் உடையன. அவற்றில் ஸ்பார்க் பிளக்கும் காயிலும் இல்லை. அழுத்தத்தால் எழும் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றும். ஆயினும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைவிதி நடைமுறைக்கு வந்தபின், நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களின் பட்டறைகளிலும் ஸ்கேனரின்றிப் புது லாரியைத் தொடுதல் அரிதாயிற்று. கன வண்டிகள் பலவற்றில் குறி இரு பகுதியாய் வரும். எஸ்.பி.என். என்னும் எண் எப்பாகத்தின் அல்லது எவ்வளவின் செய்தி என்பதையும், எஃப்.எம்.ஐ. என்னும் எண் அது தவறிய விதத்தையும் சொல்லும். அளவு மிகுந்ததா, குறைந்ததா, கம்பி அறுந்ததா என்பன இரண்டாவதால் விளங்கும். முதலெண்ணை மட்டும் படித்துப் பாகத்தை வாங்குவோர் பாதிச் செய்தியையே படித்தவராவர். டீசல் யந்திரம் ஐடிலிங்கில் குலுங்கினால், ஒவ்வொரு ஸிலிண்டரின் பங்கைச் சமப்படுத்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டுகின்றது, குறைக்கின்றது என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனர் வழியாகக் காணலாம். ஒன்று மட்டும் மிக வேறுபட்டால் அதன் இன்ஜெக்டரையோ கம்ப்ரெஷனையோ ஆராயவேண்டும். யாவும் ஒருங்கே தடுமாறினால் ஃபில்டர், குழாயிற் புகுந்த காற்று, பம்பு என்று பொதுவானவற்றை நோக்கவேண்டும். யந்திரம் வேறாயினும் ஆராயும் முறை ஒன்றே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். குறிகளை அழிக்குமுன் அவற்றையும் உடன்பதிவையும் எழுதிக்கொள்ளல், மின்னழுத்தத்தைச் சரிபார்த்தல், குறிகளுக்குப் பொதுவான இடத்தை நாடல், இரு நிலைகளில் திருத்தத்தை ஒப்பிடல், கருதியதைச் சோதனையால் மெய்ப்பித்தல், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனைக் காணல், எஞ்சியது உண்டாயின் அதனைத் தனியே ஆராய்தல். இவ்வொழுங்கு கைவந்தவருக்கு நான்கு குறியாயினும் பத்துக் குறியாயினும் மலைப்பு உண்டாகாது.

நம் கல்லூரி மாணவருள் யந்திரத் தொழிலிற் புகுவோர் சிலரே. ஆயினும் பௌதிக வகுப்பில் நாம் கற்கும் அழுத்தமும் ஓட்டமும், இரசாயன வகுப்பில் கற்கும் எரிதலின் கணக்கும், ஏட்டிலே நின்றுவிடாமல் ஓர் ஏழைத் தொழிலாளியின் ஒரு மாத வருவாயைக் காக்க வல்லன என்பதை யாவரும் அறிதல் நன்று. தமக்கோ தம் உறவினருக்கோ உரிய வண்டியில் விளக்கு எரியக் கண்டால், இன்ன பாகத்தை மாற்றவேண்டும் என்று சொல்வாரிடம், எந்தச் சோதனையால் அதனைத் துணிந்தீர் ஐயா என்று பணிவாய்க் கேட்பதற்கு அவர்கள் தயங்கவேண்டுவதில்லை. நல்ல மெக்கானிக் அக்கேள்வியை மகிழ்ந்து ஏற்று, தாம் கண்ட அளவுகளைக் காட்டி விளக்குவார்.